வயிறு தட்டாமல் ஊர் போய்ச் சேர: காரின் உயரத்தை ஏற்றும் முறை

மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட உசிலம்பட்டிப் பக்கம் போகிற கார்களைப் பார்த்திருப்பீர்கள். தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்குகிற இடத்தில் வண்டி நிற்கும். பின்சீட்டில் இருக்கிறவர்கள் இறங்கி நடப்பார்கள். ஒருவர் முன்னால் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டே "வா, வா, லெஃப்ட்ல ஒடி" என்று கை காட்டுவார். அப்படியும் ஒரு இடத்தில் 'கர்ர்ர்' என்று கேட்கும். பின்னால் மூன்று பேரும் டிக்கியில் அண்டாவும் அரிசி மூட்டையும் ஏறினால் சின்னக் காரின் பின்பக்கம் 40, 50 மி.மீ. வரை இறங்கிவிடும். காலி வண்டிக்கு 165 மி.மீ. என்று விளம்பரத்தில் போட்டிருந்த, தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி அந்த நேரத்தில் பின்பக்கம் 120க்கு வந்திருக்கும்.

பனி விழுகிற நாடுகளில் குளிர்காலத்துக்கு முன்னால் காரை 20, 30 மி.மீ. ஏற்றிக்கொள்வது உண்டு. வண்டியின் வயிறு பனிமேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் சக்கரத்தில் பாரம் இருக்காது, டயர் வெறுமனே சுழலும். ஐப்பசி, கார்த்திகையில் திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கத்துக் கரிசல் பாதைகளில் நடப்பதும் இதேதான். டிராக்டர் போன இரண்டு தடமும் பள்ளமாகி, நடுவில் மண்மேடு முதுகு மாதிரி நிற்கும். கார் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கியதும் வயிறு மேட்டில் உட்காரும். ஆகவே பனிக்குச் செய்கிற வேலையின் கணக்கு நம் சேற்றுக்கும், நம் தெருவின் வேகத்தடைக்கும் அப்படியே பொருந்தும்.

ஆனால் எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். முன்சக்கரம் இழுக்கிற சின்னக் கார் எதுவானாலும் 20 மி.மீ.தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 40, 50 என்று யாராவது சொன்னால் அந்தக் கடையில் வண்டியை விடாதீர்கள். அந்த 20ஐயும் தொடுவதற்கு முன்னால், வண்டி புதிதாக இருந்தபோது இருந்த உயரம் இப்போதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறைய வண்டிகளுக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எது தட்டுகிறது?

முன் பம்பரின் கீழ் உதடு தட்டுவது வேறு, நடு வயிறு தட்டுவது வேறு, பின்னால் வால் தட்டுவது வேறு. மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. லிஃப்ட் இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஏற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். புது உரசல் வெள்ளி மாதிரி மின்னும், பழையது துருவேறிச் செம்பழுப்பாக இருக்கும். ஆயில் சேம்பரின் அடி, அதன் டிரெயின் நட்டுத் தலை, சைலன்சர் குழாயை இணைக்கிற பிளேட், முன் சப்பிரேம் (முன்பக்க ஆர்ம்களைத் தாங்கும் அடிச்சட்டம்), பின்னால் ஸ்டெப்னி உட்காரும் தொட்டி ஆகியவைதான் வழக்கமாக அடி வாங்கும் இடங்கள்.

பம்பர் உதடு மட்டும் உரசினால் உயரத்தை ஏற்றவே வேண்டாம். அது போர்டிகோவின் சரிவு செய்கிற வேலை. சரிவின் அடியில் சிமெண்டை நீட்டிப் பூசி ஏற்றத்தைத் தணித்தால் தீர்ந்தது. சைலன்சர் பிளேட் மட்டும் உரசினால் அதைத் தாங்குகிற ரப்பர் வளையங்களைப் பாருங்கள். வெயிலும் சூடும் பட்டு நீண்டுபோன ரப்பரை மாற்றினால் குழாய் 10, 15 மி.மீ. மேலே போய்விடும். சேம்பரும் சப்பிரேமும் உரசினால்தான் உயரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

வேகத்தடையையும் ஒருமுறை அளந்து பாருங்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு விதிமுறைப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் கொண்ட மெதுவான வளைவாக இருக்க வேண்டும். சின்னக் காரின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 2.4 மீட்டர்தான். அதனால் விதிப்படி போட்ட தடையில் முழு வண்டியும் ஏறி நின்று இறங்கும், எதுவும் தட்டாது. நம் தெருக்களில் ஊர்க்காரர்களே சிமெண்டைக் கொட்டிப் போடுவது 15 செ.மீ. உயரமும் ஒரு மீட்டருக்குள் அகலமும் கொண்ட திண்டு. முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறாமல் இருக்கும் அந்த நொடியில் திண்டு நேராக வயிற்றுக்குக் கீழே நிற்கும். 2,450 மி.மீ. சக்கர இடைவெளியும் 165 மி.மீ. அடி உயரமும் இருந்தால் வயிறு தட்டாமல் வண்டி கடக்கக்கூடிய முகட்டுக் கோணம் சுமார் 15 டிகிரி. 20 மி.மீ. ஏற்றினால் 17 டிகிரி ஆகும். கிடைப்பது அந்த இரண்டு டிகிரிதான். பெரும்பாலான திண்டுகளுக்கு அது போதும். நீண்ட செடான் வண்டிக்குச் சில இடங்களில் அதுவும் போதாது.

அளவு எடுப்பது

சமதளமான இடம் வேண்டும். டயர் கடை முன்னால் இருக்கிற சிமெண்ட் தளம் போதும், வீட்டு வாசல் சரிவு ஆகாது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது கதவு ஓரத்து ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்குக் காற்று வையுங்கள். டிக்கியைக் காலி செய்யுங்கள், உள்ளே யாரும் இருக்கக்கூடாது. பெட்ரோல் அரை டேங்க் இருக்கட்டும். வண்டியை முன்னும் பின்னும் ஒரு வண்டி நீளம் உருட்டி, பிரேக்கை அழுத்தாமல் தானாக நிற்க விடுங்கள். பிறகு நான்கு மூலையையும் இரண்டு தடவை அமுக்கி விடுங்கள்.

இப்போது சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, நான்கு மூலைக்கும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பிவிடும். பின்னால் மூன்று பேரை உட்கார வைத்து மறுபடி ஒருமுறை அளந்து அதையும் எழுதுங்கள்.

அதே மாடலில் சமீபத்தில் வாங்கிய வண்டி தெருவில் ஒன்று இருக்கும். கேட்டுக்கொண்டு அதையும் அளந்து பாருங்கள். உங்கள் வண்டி அதைவிட 10 மி.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். முன் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று கீழ்க்கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருப்பதால் உடைந்தாலும் வெளியே தெரியாது. ஒரு துணியால் சேற்றைத் துடைத்துவிட்டு விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தால் முறிந்த முனை கையில் படும்.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கம்பெனி ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் சாயும். முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டில் உள்ள ரப்பரும் பேரிங்கும் அமுங்கியிருந்தால் அதையும் அந்த நேரத்திலேயே மாற்றிவிடுங்கள். இதைச் செய்ததும் 10 முதல் 20 மி.மீ. வரை திரும்பக் கிடைத்த வண்டிகள் நிறைய. எதையும் கூட்டவில்லை, போனது திரும்பி வந்தது, அவ்வளவுதான். பின்னாளில் சி.என்.ஜி. போட்ட வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். சிலிண்டரும் கிட்டும் சேர்ந்து எண்பது, தொண்ணூறு கிலோவை டிக்கியில் நிரந்தரமாக ஏற்றி வைத்த மாதிரி. அதே மாடலைக் கம்பெனியே சி.என்.ஜி.யோடு விற்றால், அதற்கென்று வருகிற பின் ஸ்பிரிங்கை வாங்கிப் போடுவதுதான் சரியான வழி.

ஏற்றுவதற்கு உள்ள வழிகள்

டயர்தான் முதல் வழி. சேம்பர், அச்சு, சைலன்சர் என எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்குவது டயர் மட்டுமே. மற்ற வழிகள் உடம்பைத்தான் தூக்கும். முன்சக்கரத்தைக் கீழே பாடியோடு பிடிக்கிற லோயர் ஆர்மும் பின் அச்சும் இருந்த உயரத்தில்தான் இருக்கும். உதாரணத்துக்கு 145/80 ஆர்13 டயரின் மொத்த விட்டம் சுமார் 562 மி.மீ., 155/80 ஆர்13 சுமார் 578 மி.மீ. விட்டத்தில் 16 கூடினால் உயரத்தில் பாதி, அதாவது 8 மி.மீ. கிடைக்கும். விட்டம் கூடுவது 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இந்த உதாரணத்தில் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது முன்பைவிட 2 கி.மீ. கூடுதலாகவே போவீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டயருக்கும் மட்கார்டின் உள்பக்க மறைப்பான லைனருக்கும் நடுவே ஒரு விரல் கனத்துக்கு மேல் இடம் இருக்கிறதா பாருங்கள். காய்ந்த ரோட்டில் உரசாத டயர், கரிசல் சேறு அப்பியதும் லைனரைக் கிழித்துவிடும். உங்கள் மாடலின் மேல் வேரியண்டுக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவாகப் பார்த்து எடுத்தால் சட்டத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் சிக்கல் குறைவு.

அடுத்து, ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகுகிற ரப்பர் பஃபர். ஆக்சஸரீஸ் கடைகளில் அதிகம் தள்ளிவிடுவது இதைத்தான், பத்து நிமிடத்தில் மாட்டியும் விடுவார்கள். இது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். ரப்பர் இருக்கிற சுற்று அமுங்காது. அதனால் ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் குறைந்து, ஸ்பிரிங் விறைப்பாகும். காலி வண்டி பெரிதாக ஏறாது, பாரம் ஏற்றினால் இறங்குவது குறையும். எப்போதும் ஆளும் சாமானும் ஏறுகிற வண்டியின் பின்பக்கத்துக்கு மட்டும் இது பரவாயில்லை. முன் ஸ்ட்ரட்டில் போடாதீர்கள். ஸ்டியரிங் ஒடிக்கும்போது முன் ஸ்பிரிங் சுழலும். ரப்பர் நகர்ந்து ஒரே இடத்தில் அழுத்தி, அதன் விளிம்பில்தான் ஸ்பிரிங் முறியும். பின்னால் போடுவதானாலும் வண்டி தரையில் நிற்கும்போது சுற்றுகளின் இடைவெளியை அளந்து அதற்கான அளவு ரப்பரை வாங்குங்கள். கேபிள் டை போட்டுக் கட்டுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி உள்ளே சேர்ந்த மண்ணைக் கழுவுங்கள். அந்த மண்தான் ஸ்பிரிங்கின் பெயிண்டை அரித்துத் துருப்பிடிக்க வைக்கிறது.

மூன்றாவது ஸ்பேசர். முன்னால் ஸ்ட்ரட்டின் தலைக்கும் பாடிக்கும் நடுவே அலுமினியம் அல்லது பாலியூரித்தேன் வளையம். பின்னால் ஸ்பிரிங்கின் மேல் கிண்ணத்தில் ஒரு வளையம். ஸ்பிரிங் அதேதான் என்பதால் வண்டியின் மென்மை மாறாது. அளந்து வாங்கி அளந்தபடி ஏற்றலாம். இந்தக் கட்டுரை விரிவாகச் சொல்லப்போவது இதைத்தான்.

பழைய வேன், ஜீப், பிக்கப் போன்ற, சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வைத்த வண்டிகளுக்குக் கதை வேறு. கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் ஏறும், விறைக்கவும் செய்யும். பழைய பட்டையை நெருப்பில் வாட்டி அடித்து வளைவு ஏற்றித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாட்டிய இடத்தில் பதம் போய்விடும், கொஞ்ச நாளில் மறுபடி படுக்கும் அல்லது அங்கேயே முறியும். பட்டை பிரித்தால் சென்டர் போல்ட்டும் யு போல்ட்டுகளும் புதிதாக வாங்குங்கள். இழுபட்டு நீண்ட யு போல்ட்டை மறுபடி முறுக்கினால் பிடிக்காது. இவற்றில் சில வண்டிகளுக்குப் பின் அச்சோடு ஒரு கம்பி இணைத்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் பாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்திருந்தால் குறைக்கும். நீங்கள் உயர்த்திவிட்டால் பாரம் ஏற்றிய வண்டியையும் அது காலி வண்டி என்றே நினைக்கும், பிரேக் தூரம் நீளும். அந்தக் கம்பியின் நீளத்தைப் புது உயரத்துக்குச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பேட்டரி வயிற்றில் இருக்கிற மின்சாரக் கார்களுக்கு இந்த வேலை எதையும் கம்பெனி சர்வீஸுக்கு வெளியே செய்யாதீர்கள்.

எவ்வளவு கனம் வாங்குவது?

முன்னால் ஸ்ட்ரட் சக்கரத்துக்கு ஒட்டியே நிற்பதால் 20 மி.மீ. ஸ்பேசர் போட்டால் கிட்டத்தட்ட 20 மி.மீ. ஏறும். பின்னால் அப்படியல்ல. பல கார்களில் ஸ்பிரிங் சக்கர மையத்துக்கு முன்னால் தள்ளி உட்கார்ந்திருக்கும். நெம்புகோல் கணக்குதான்: 15 மி.மீ. ஸ்பேசருக்கு 18, 20 என்று ஏறும். அதனால் முன்னால் 20, பின்னால் 15 என்று தொடங்குங்கள். பின்பக்கத்தை மட்டும் ஏற்றினால் மூக்கு குனிந்து, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் லேசாகி அலையும். முன்பக்கத்தை மட்டும் ஏற்றினால் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

பின்னால் ஷாக் அப்சார்பர் பழையபடியே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். உடம்பு 20 மி.மீ. மேலே போனால் ஷாக் அவ்வளவு நீண்டு நிற்கும், மேற்கொண்டு நீள 20 மி.மீ. குறைந்துவிடும். வேகத்தடையில் இறங்கும்போது 'டொங்' என்று கேட்டால் ஷாக் முழுக்க நீண்டு முட்டுகிறது என்று பொருள். 30 மி.மீ. ஏற்றினவர்கள் சில மாதத்தில் ஷாக் ஒழுகுகிறது என்று வந்து நிற்பது இதனால்தான்.

வாங்கும்போது ஸ்பேசரின் துளைகளை உங்கள் மவுண்டோடு ஒத்துப் பாருங்கள். அதோடு வருகிற ஸ்டட் அல்லது போல்ட்டின் தலையில் அதன் வலிமையைக் குறிக்கும் எண் 8.8 அல்லது அதற்கு மேல் பொறித்திருக்க வேண்டும். எதுவுமே பொறிக்காத போல்ட்டை ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போடாதீர்கள். நைலான் வைத்த புது நட்டுகள், துரு எடுக்கும் எண்ணெய், இரண்டு ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, முறுக்கு விசையை (டார்க்) அளந்து பூட்டுகிற டார்க் ரெஞ்ச், வெள்ளைப் பெயிண்ட் மார்க்கர் ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கலாம். எந்த நட்டுக்கு எவ்வளவு டார்க் என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

முன்பக்க வேலை

1. முந்தின நாளே நட்டுகளில் எண்ணெய் அடித்து வையுங்கள். பின்சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள்.

2. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்தால் இரண்டாவது காப்பு.

3. ஸ்ட்ரட்டையும் சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளையும் சேர்க்கிற இரண்டு போல்ட்டுகளைச் சுற்றிப் பெயிண்டால் கோடு போடுங்கள். அந்தத் துளையில் இருக்கிற சின்ன ஆட்டம்தான் சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கேம்பர் கோணத்தைத் தீர்மானிக்கிறது. பழைய இடத்தில் உட்கார்த்தக் கோடு உதவும்.

4. ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப், ஏ.பி.எஸ். வயர் கிளிப், லிங்க் ராடு மூன்றையும் விடுவியுங்கள். இரண்டாவது ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில் லேசாக முட்டுக் கொடுங்கள். இதை விட்டுவிட்டுப் போல்ட்டைக் கழற்றினால் நக்கிள் வெளியே சாய்ந்து, சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் கிண்ணத்தைவிட்டுப் பிடுங்கிக்கொள்ளும். பிறகு ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) பிரித்து, கிரீஸ் வைத்து, முழு நாள் வேலை.

5. பானட்டைத் திறந்து ஸ்ட்ரட் தலையில் சுற்றியுள்ள நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் பெரிய நட்டில் ஸ்பேனரை வைக்கவே கூடாது. அதற்குக் கீழே ஸ்பிரிங் நூற்றுக்கணக்கான கிலோ விசையோடு அமுங்கியிருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் அந்த நட்டைத் திறந்தால் ஆளைக் கொல்லும் வேகத்தில் தெறிக்கும்.

6. ஸ்ட்ரட்டை இறக்கி, ஸ்பேசரைத் தலையில் வைத்து, பாடியில் அது உட்காரும் இடத்தை மண்ணும் துருவும் போகத் துடைத்து, மேலே ஏற்றுங்கள். நட்டைப் பூட்டியபின் அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மரை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஸ்டட் நீளம் போதாது, வேறு வாங்குங்கள்.

7. கோட்டுக்குக் கோடு வைத்துக் கீழ்ப் போல்ட்டுகளைப் போடுங்கள். கிளிப்புகளை மறக்காமல் மாட்டுங்கள். கிளிப் விட்டுப்போன ஏ.பி.எஸ். வயர் சில நாளிலேயே டயரில் உரசி அறுந்து டாஷ்போர்டில் விளக்கு எரியும்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் சக்கரம் மாட்டி வண்டியைத் தரையில் இறக்கி, நான்கு அடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வண்டியைப் பிட் குழியிலோ நான்கு சக்கரமும் தாங்கும் லிஃப்டிலோ வைத்து, லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, அதே நிலையில் டார்க்குக்கு முறுக்க வேண்டும். அந்தப் புஷ்ஷின் ரப்பர் பழைய உயரத்தில் பிடித்து வைக்கப்பட்டது. புது உயரத்தில் விட்டுப் பிடிக்காவிட்டால் அது எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும், ஒரு வருடத்தில் கிழியும்.

பின்பக்கம்

பெரும்பாலான சின்னக் கார்களில் பின் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கும். பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இரண்டு பக்க ஷாக்கின் கீழ்ப் போல்ட்டையும் எடுத்துவிட்டு ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். இறங்கும்போது ஒருவர் பிரேக் ஹோஸையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், விறைக்கும் முன் நிறுத்த வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்ததும் கையோடு வரும். ஸ்பேசரை மேல் கிண்ணத்தில் வைத்து, கம்பெனி ரப்பர் சீட்டை அதற்குக் கீழே வைத்து, ஸ்பிரிங் முனை அதன் பள்ளத்தில் சரியாக முட்டி நிற்கும்படி திருப்பி உட்கார்த்துங்கள். முனை பள்ளத்தில் ஏறாமல் மேட்டில் நின்றால் அந்தப் பக்கம் 5, 6 மி.மீ. உயர்ந்து வண்டி சாய்ந்து தெரியும், ஓடும்போது 'கிளிக்' என்று சத்தமும் வரும். ஷாக்கின் கீழ்ப் போல்ட்டை வண்டிப் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முழுதாக முறுக்க வேண்டும்.

கையில் வாங்கும் முன்

மறுபடி நான்கு மூலையையும் அளந்து பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். பிறகு வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். எந்த பிரேக் ஹோஸும் நாண் மாதிரி விறைக்கக்கூடாது. பின் ஸ்பிரிங் தொங்கும்போதும் கிண்ணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி நசுங்கினால் உயரம் அதிகம். ஓட்டும்போது வளைவில் 'டக் டக் டக்' என்று கேட்பதும் அதே செய்திதான்.

முன்சக்கரங்கள் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்பதுதான் டோ. அன்றே டோ அளவைச் சரிசெய்து, 100 கி.மீ. ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்ததும் இன்னொரு தடவை முழு வீல் அலைன்மெண்ட் பாருங்கள். உடம்பு ஏறும்போது லோயர் ஆர்மும் டை ராடும் வேறு வேறு வளையத்தில் இறங்குவதால் டோ கட்டாயம் மாறும். அப்படியே ஓட்டினால் டயரின் ஒரு ஓரம் ரம்பப் பல் மாதிரி தேயும். விரலை டயரின் மேல் முன்னும் பின்னும் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், ஒரு திசையில் குத்தும். அதே 100 கி.மீ.யில் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள், 1,000 கி.மீ.யில் இன்னொரு முறை.

ஹெட்லைட்டுக்குச் சுவர் போதும். சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் குறியுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் குறிக்குச் சுமார் 5 செ.மீ. கீழே விழ வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். கம்பெனி ஸ்பிரிங், கம்பெனி டயர் அளவு என்று போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஸ்பேசர் போடுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாரண்டி முடியாத வண்டியில் கைவைக்க வேண்டாம்.

ஓட்டும்போது

வேகத்தடைக்கு முன்னால் பிரேக்கை ஓரளவு அழுத்தினாலே மூக்கு 15, 20 மி.மீ. குனியும். பயந்து அமுக்கினால் 30ஐத் தாண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே ஏறினால் ஸ்பேசரில் கிடைத்தது அத்தனையும் அங்கேயே போய்விடும். முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, சக்கரம் திண்டைத் தொடும் நொடியில் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். நீண்ட வண்டியானால் திண்டைச் சற்றுச் சாய்வாக, ஒரு நேரத்தில் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள்.

கரும்பு டிராக்டர் போய்ப் பள்ளமான அலங்காநல்லூர்ப் பக்கத்து வயல் பாதைகளில் தடத்துக்குள் சக்கரத்தை இறக்காதீர்கள். ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டின் மேலும் மறுபக்கச் சக்கரத்தைத் தடத்தின் வெளி ஓரத்திலும் வைத்து ஓட்டினால் வயிற்றுக்குக் கீழே பள்ளம்தான் இருக்கும். அடிக்கடி இந்தப் பாதையில் போகிறவர் சேம்பருக்கு 3 மி.மீ. இரும்புத் தகட்டுக் காப்பு போட்டுக்கொள்ளலாம். அது 10 மி.மீ.க்கு மேல் உயரத்தைத் தின்னும், ஆனால் கல் பட்டால் நசுங்குவது தகடாக இருக்கும். டிரெயின் நட்டுக்கு நேரே துளையும், காற்றுப் போக நாலைந்து வெட்டும் இருக்கிற தகடாக வாங்குங்கள்.

மழைத் தண்ணீருக்கு மட்டும் இந்த உயரத்தை நம்பாதீர்கள். மதுரைக்குள் கர்டர் பாலம் போன்ற ரயில் பாலங்களின் அடியில் தண்ணீர் தேங்கினால், எஞ்சின் காற்று இழுக்கிற வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. பல கார்களில் அது கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் மட்டத்தில் இருக்கும். முன்னால் போகும் வண்டி எழுப்புகிற அலை அந்த வாய்க்கு எளிதாக ஏறும். 20 மி.மீ. அங்கே இரண்டு விரல்கூட இல்லை, வண்டியைத் திருப்பி வேறு வழியில் போங்கள். ஒருவேளை நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி மேட்டுக்குக் கொண்டு வந்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே காகிதம் ஈரமாக இருந்தால் பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.